பெரியவருக்கு ஒரு நாற்காலி

துண்டு துண்டாகிப் போன காடுகளை ஒன்றாகச் சேர்ப்பதற்காக மலேசியாவின் ஈப்போ டவுனில் ஒரு வாரியம் தொடங்கினார்கள். தொடங்கிய கையோடு வாரியத்தை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். மலைக்காட்டுப் பிரிவு மூன்றாம் மாடியில் ஒரு பக்கம், ஆற்றுக்காட்டுப் பிரிவு அதே மாடியில் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்த நடையில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி அடைத்துவிட்டார்கள். மலைக்காட்டுக்காரர் ஆற்றுக்காட்டுக்காரரிடம் ஒரு பென்சில் கேட்க வேண்டுமென்றால் கீழே இறங்கி, ரோட்டுக்கு வந்து, ஜைனுலாப்தீன் சாப்பாட்டுக் கடையைச் சுற்றிக்கொண்டு, பின்கதவு வழியாக மறுபடியும் மாடி ஏற வேண்டும். பாதிப் பேர் கடையோடு நின்றுவிடுவார்கள். காடுகளைச் சேர்க்கும் வேலையில் நேரடியாகப் பலன் கண்டவர், எனக்குத் தெரிந்து, ஜைனுலாப்தீன் பாய் ஒருவர்தான்.

இது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் நடந்தது. எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது பலகையோடு போய்விட்டது. நாங்கள் மூங்கிக்காடு என்போம். கிழக்கே மலைக்காடு, மேற்கே ஆற்றோரக் காடு, நடுவில் முழுக்க ரப்பர். கம்பெனிக்காரர்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். கடைசியில் மிஞ்சியது தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்துக்குப் பின்னால் ஒரு நீளத் துண்டு. அதன் ஒரு முனை மலைக்காட்டைத் தொடும், மறுமுனை ஆற்றோரக் காட்டைத் தொடும்.

அந்தத் துண்டில் கிழட்டு ரப்பர் மரங்களுக்கு இடையில் வாழை, மரவள்ளி, பலா மாதிரிப் பழுக்கும் செம்படாக், பெட்டாய், துரியான், மூங்கில் என்று எல்லாம் கலந்து கிடந்தன. யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. சம்பளம் பத்தவில்லை, அதனால் வைத்தார்கள். வாரியத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், ரப்பரும் பழமரமும் கலந்து நட்டால் மனிதனுக்குப் பிழைப்பும் ஆகும், இரண்டு பக்கக் காட்டு மிருகங்களும் போய்வர வழியும் ஆகும் என்று படம் வரைந்து காட்டினாராம். நல்ல திட்டம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். படத்தை வரைந்து கொடுத்துவிட்டு நிபுணர் ஊருக்குப் போய்விட்டார். படம் வாரியத்திடம் இருந்துவிட்டது.

அந்த வழியில் வருஷா வருஷம் செம்படாக் பழுக்கும் நேரத்தில் பெரியவர் வருவார். ஆற்றோரத்திலிருந்து புறப்பட்டு, மரங்களுக்கு ஊடே நடந்து, மலைக்குப் போய்விடுவார். காட்டை ஒட்டிப் பிழைக்கிறவர்கள் யாரும் அவருடைய இனத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும், வந்து நின்றுவிடுவார் என்று பயம். “பெரியவரு வந்துட்டுப் போயிருக்காரு” என்றால் வாழை சாய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். இதைப் படிக்கிற டவுன்காரர்களுக்காக இந்த இடத்தில் மட்டும் சொல்லிவிடுகிறேன். யானை. ஒற்றைக் கொம்புள்ள கிழட்டு ஆண் யானை.

லயத்தின் கடைசி வீடு பத்துமலை அண்ணனுடையது, என் வீடு அதற்கு முந்தியது. அவரும் அவர் மனைவி நல்லம்மா அக்காவும்தான் அங்கே. ஒரே மகன் சீனி ஈப்போவில் பேக்டரி வேலை, கோழிக்கூண்டு மாதிரி ஒரு பிளாட் வீடு. “வந்துடுங்க, வந்துடுங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அண்ணன் அசையவில்லை. அந்தப் பழமரங்களில் பாதிக்கு மேல் அவர் வைத்தவை. அவற்றுக்கு நடுவில்தான் அவருக்கு மூச்சு விட முடியும். அந்த மரங்கள் நின்றால் பெரியவருக்கு வழி இருக்கும். பெரியவருக்கு வழி என்று சர்க்காரே சொல்லிவிட்டால் துண்டை எவனும் விற்க முடியாது, அண்ணனுக்கும் வீடு இருக்கும். அதனால் வாரியத்திலிருந்து ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டதும், தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

வந்தவர் ஜெயபாலன். உதவிப் பெகாவாய், அதாவது உதவி அதிகாரி. ஈப்போவில் பிறந்து, ஈப்போவில் படித்து, ஈப்போவிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அட்டைக்குப் பயந்து காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக் கட்டியிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை வந்த ஐந்தாவது நிமிஷத்திலேயே எங்களிடம் சொல்லிவிட்டார்.

“இந்த வழிய யாரு பயன்படுத்துறாங்க?” என்று கேட்டார்.

“பெரியவருதாங்க” என்றார் அண்ணன்.

“எவ்ளோ காலமா?”

“எங்கப்பா கப்பல்ல வந்து எறங்குனப்பவே அவரு இங்க இருந்தாராம். அப்ப எள வயசு.”

“வீடு எங்க?”

“மலையில பாதி, ஆத்தோரத்துல பாதி. ஒரு எடத்துல தங்கமாட்டாரு.”

“ரெண்டு வீடா?” ஜெயபாலன் புருவத்தை உயர்த்தினார். “குடும்பம்?”

“பெரிய குடும்பம். ஆனா இவர சேத்துக்கமாட்டேங்குறாங்க. ஒத்தையாத்தான் சுத்துறாரு.”

“ஐயோ பாவம், வயசான காலத்துல. சாப்பாடு?”

“நம்ம மரத்துலதான். மொதப் பழம் அவருக்குத்தான்னு விட்டுடுவோம்லா.”

“ஆளுங்க மதிக்கிறாங்களா அவர?”

“மதிக்காமயா? அவரு ரோட்டுல நின்னாருன்னா காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குக்கூட ஒருத்தரும் போகமாட்டோம். ஒரு நாளு மேனேஜர் தொரையே காரை ரிவர்ஸ்ல எடுத்துட்டுப் போயிட்டாரு.”

ஜெயபாலன் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். அதிகாரியின் கண் கலங்கியிருந்தது. ஒரு தொழிலாளி, வெள்ளைக்காரத் துரையையே பின்வாங்க வைத்தவர், சொந்தங்கள் கைவிட்டு, ஊரார் கொடுக்கும் பழத்தைத் தின்று காட்டோரம் திரிகிறார் என்பது அவர் மனதைத் தொட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் ஜெயபாலன் கெட்டவர் இல்லை. அவர் வேலை பார்த்த இடம் அப்படி.

ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது. மிருகங்கள் போய்வரும் வழிக்கு வாரியம் வைத்த பெயர் நடை. அந்த நடைக் குழுவில் உள்ளூர்ப் பிரதிநிதியாகப் பெரியவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். அவரை ஈப்போ கூட்டத்துக்கு அழைத்து வரும் பொறுப்பு பத்துமலையுடையது.

பத்துமலை அண்ணன் சிவப்பு ஐசிக்காரர், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை அது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்தான். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். எதிரில் நிற்பது அத்தாட்சியாகாது என்றார்கள். பெரியவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலு கேள்வியில் அவர் குழு உறுப்பினர் ஆகிவிட்டார்.

“கூட்டிட்டு வரச் சொல்றாங்களே, லோரி அனுப்புவாங்களா?” என்றாள் நல்லம்மா அக்கா.

“அனுப்புவாங்க போல. கவர்மெண்டுன்னா ஒரு ஏற்பாடு இல்லாமலா சொல்வாங்க?”

“கூட்டிட்டுப் போயி எங்க நிறுத்துவீங்க?”

“மண்டபம் பெருசா இருக்கும்லா” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

லோரி வரவில்லை. அண்ணன் பஸ் ஏறித் தனியாகப் போனார். கூட்ட அறையில் நீள மேசை, சுற்றி நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயர்ப்பலகை. ‘பெரியவர்’ என்று ஒரு பலகையும் இருந்தது, அதற்கு முன்னால் மூடி போட்ட தண்ணீர்க் குவளையும் இருந்தது. அண்ணனுக்குப் பலகை இல்லை. சுவரோரம் நிற்கச் சொன்னார்கள்.

தலைவர் மலாயில் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘பெரியவர்’ என்பதை ஒரு ஆளின் பெயர் என்றே எடுத்துக்கொண்டு, முன்னால் மலாய்த் ‘திரு’வான ‘என்சிக்’ சேர்த்தார்.

“என்சிக் பெரியவர் வரவில்லையா?”

ஜெயபாலன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பவ்வியமாக, “அவரு இங்கெல்லாம் வரமாட்டாருங்க. காட்ட விட்டு வெளிய வந்தா ஆளுங்க பயந்து ஓடுவாங்க” என்றார்.

ஜெயபாலன் இதை மலாயில் சொன்னார். அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் எழுந்து நின்றார்.

“பார்த்தீர்களா, இதுதான் தலைமை! மக்கள் பயப்படும் அளவுக்கு மரியாதை! நாம் இத்தனை பேர் இருக்கிறோம், நம்மைப் பார்த்து யாராவது ஓடுகிறார்களா? நாம்தான் மேலிடத்தைப் பார்த்து ஓடுகிறோம். இந்த வாரியம் மக்களின் குரலைக் கேட்கும் வாரியம். அவர்கள் பேசாவிட்டாலும் கேட்போம். பேசாதபோது கேட்பது இன்னும் சுலபம். என்சிக் பெரியவரின் நாற்காலி அவருக்காகவே காத்திருக்கும்!”

எல்லாரும் காலி நாற்காலியைப் பார்த்துக் கை தட்டினார்கள். பிறகு கோழிக்கறி பப்பும் தேத்தண்ணியும் வந்தன. பெரியவரின் பங்கை மலைக்காட்டுப் பிரிவுக்காரர் எடுத்துக்கொண்டார்.

அண்ணன் கீழே இறங்கி ஜைனுலாப்தீன் கடையில் உட்கார்ந்தார். பாய் என்ன விஷயம் என்று கேட்க, முழுக்கச் சொன்னார். பாய் முதலில் சிரித்தார். தே கலக்கிய குவளையைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“அண்ணே, இது வெளையாட்டு இல்ல. அவங்க ஏதோ கெழவருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. பேர உடைச்சுச் சொல்லிடுங்க.”

“பேர எப்படி பாய் சொல்றது?”

“இது ஈப்போலா. இங்க ஏது காடு? சொன்னா எங்கேருந்து வரப் போறாரு?”

அண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுபடியும் மாடி ஏறி, ஜெயபாலன் மேசைக்குப் போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார். “ஐயா, நம்ம பெரியவரு மனுஷன் இல்லீங்க. யானைங்க.”

வாயைவிட்டு அந்தச் சொல் போன பிறகு, பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

ஜெயபாலனுக்கு முகம் வெளிறிப் போனது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “இத ஏன்ணே அன்னைக்கே சொல்லல?”

“பெரியவருன்னு சொன்னேனே.”

“போச்சு. எல்லாம் கோலாலம்பூருக்குப் போயிருச்சு. உள்ளூர் மக்களோட பங்களிப்புன்னு மேலிடத்துல ரொம்ப மெச்சிட்டாங்க. இப்பப் போயி அது யானைன்னு சொன்னா, எனக்கு வேல கன்ஃபர்ம் ஆகுமா சொல்லுங்க? ரெண்டு புள்ளைங்க இருக்குண்ணே.”

“அப்ப பேர எடுத்துடுங்க.”

“எடுக்க முடியாது. அவரா ராஜினாமா பண்ணணும்.”

அண்ணன் யோசித்தார். “வழி மட்டும் கெடைச்சிருமா?”

“கண்டிப்பா. கன்னுங்கூட ஆர்டர் பண்ணியாச்சு. நீங்க வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா போதும். வழி வந்துரும்.”

மரம் நிற்கும், வழி நிற்கும் என்றால் யாரை என்னவென்று எழுதினால் என்ன என்று அண்ணன் சும்மா இருந்துவிட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கன்றுகள் வந்தன. துரியான், செம்படாக், பெட்டாய் எல்லாம் பைகளில், லோரி லோரியாக. ‘நடைக்கு உரியவை’ என்று எழுதியிருந்ததால் இறக்கியவர்கள் கன்றுகளை வாரியத்தின் நடையிலேயே கொண்டுபோய் அடுக்கிவிட்டார்கள். அலமாரிகளுக்கு மேலே கொஞ்சம், மாடிப்படியில் கொஞ்சம். கூட்டுகிற பாப்பா என்ற பெண்தான் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவற்றை எடுத்து எங்கள் ஊரில் நட வேண்டுமென்றால் உள்ளூர்ப் பிரதிநிதி சம்மதம் தர வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் கைநாட்டு.

“அண்ணே, எப்படியாவது ஒரு கைநாட்டு” என்று ஜெயபாலன் தோட்டத்துக்கே வந்து கெஞ்சினார்.

“என் கையை வச்சிரட்டுமா?”

“ஐயோ, அது போர்ஜரி. ஜெயிலுலா!”

நல்லம்மா அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அவருக்குக் கை ஏது? காலுதான்” என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். ஜெயபாலன் அதைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் போன தடவை வந்தபோது ஆற்றோரச் சேற்றில் பதித்த அடி ஒன்று காய்ந்து அப்படியே கிடந்தது. அண்ணன் நாளிதழ்த் தாள்களை ஒட்டி, மேலே விரித்து, கரியால் தேய்த்து அச்சு எடுத்தார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் மூன்றாம் மாடியில் விரித்தார். அதை வாங்கிப் பார்த்த கிராணி, அங்கே எழுத்து வேலை பார்ப்பவர், முகத்தைச் சுளித்தார்.

“படிவத்தின் கட்டத்துக்குள்ளே அடங்கவில்லையே. சின்னதாக எடுத்து வாருங்கள்.”

“சின்னதா அவருக்கு வராதுங்க.”

“எல்லாருக்கும் வருகிறது. அவருக்கு மட்டும் என்ன?”

இப்படியே அந்த வருஷம் போனது. நடுவதற்குத்தான் சம்மதம் தேவை. வெட்டுவதற்குத் தேவையில்லை, அது வேறு பிரிவு. நிலத்தைத் தயார் செய்யும் பிரிவு என்று ஒன்று இருந்தது, வருஷம் முடிவதற்குள் அவர்கள் ஏதாவது தயார் செய்து காட்ட வேண்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை புல்டோசர் வந்தது.

“என்னாங்க இது? இதுதானே வழி!” என்று அண்ணன் குறுக்கே போய் நின்றார்.

“வழி போடத்தான் அண்ணே வெட்டுறோம். இடம் சுத்தமா இருக்கணும்லா” என்றான் ஓட்டுநர். அவன் நல்ல பையன். அண்ணனைக் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் எஞ்சினைப் போட்டான்.

ரப்பர் சாய்ந்தது. மூங்கில் புதர் வேரோடு புரண்டது. செம்படாக் காய் பிடித்திருந்த நேரம் அது. பிஞ்சுகள் மண்ணோடு மண்ணாக நசுங்கி, பால் வழிந்துகொண்டு கிடந்தன. நல்லம்மா அக்கா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அண்ணன் அடித்துக்கொள்ளவில்லை. ஓட்டுநர் உட்கார வைத்த இடத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக வளர்த்தவை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துபோயின.

இரண்டு வாரம் கழித்துத் தலைவர் வந்தார். பந்தல் போட்டு, ரிப்பன் கட்டி, ஒலிபெருக்கி வைத்து விழா. தலைவர் பேசப் பேச ஜெயபாலன் தமிழில் சொன்னார்.

“அன்பர்களே! ஒரு மாதத்துக்கு முன்னால் இங்கே நின்றிருந்தால் உங்கள் பார்வை பத்தடி தாண்டியிருக்காது. எங்கு பார்த்தாலும் மரம்! இன்று பாருங்கள், இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரிகிறது. எந்த மிருகமும் எதிலும் இடித்துக்கொள்ளாமல் கைவீசி நடக்கலாம். இங்கே மரங்கள் ஏற்கெனவே கலந்து இருந்தனவே என்று சிலர் கேட்கிறார்கள். இருந்தன. ஆனால் அனுமதி பெற்றுக் கலக்கவில்லை! நாங்கள் முறைப்படி கலப்போம். எப்போது என்று கேட்கக் கூடாது. காடு வளர நூறு வருஷம் ஆகும் என்று அறிவியல் சொல்கிறது. நாங்கள் அவசரப்பட்டு அறிவியலை அவமதிக்க மாட்டோம்.”

அந்த வெட்டவெளிக்கு இரண்டு பக்கமும் செம்பனைக் கம்பெனிகள். மரம் போனதும் அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளம் வெட்டினார்கள், துப்பாக்கியோடு காவலுக்கு ஆள் போட்டார்கள்.

செம்படாக் பருவம் வந்தது. எங்கேயோ வேறு தோட்டங்களில் பழுத்து, காற்றில் வாசம் வந்தது. அன்று காலை பனி கலையும் நேரம், நல்லம்மா அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். “வந்துட்டாருடா” என்றாள்.

ஆற்றோரக் காடு முடிகிற இடத்தில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே செம்மண் வெளி, ஒரு புல்கூட இல்லை. ஒரு காலை எடுத்து வைத்தார், மறுபடியும் பின்னால் இழுத்துக்கொண்டார். தும்பிக்கையால் தரையைத் தடவித் தடவிப் பார்த்தார். சொந்த வீட்டுக்குப் போனவன் வீடு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து நிற்பானே, அப்படி நின்றார்.

பத்துமலை அண்ணன் அந்த வெட்டவெளியில் இறங்கி நடந்தார். நாங்கள் கத்தினோம், திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் போய் நின்று, கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். “வாங்க, பயப்படாதீங்க. இதேதான் வழி. மரம் இல்லாட்டி என்ன, நான் நிக்கிறேன்ல. என்னைப் பாத்துக்கிட்டே வாங்க.” வாழ்நாள் முழுக்க வந்துவிடுவாரோ என்று பெயரைக்கூடச் சொல்லாமல் இருந்த மனுஷன், அன்று வரச் சொல்லிக் கெஞ்சினார்.

பெரியவர் வரவில்லை. மறைவு இல்லாத இடத்தில் அவர் எப்படி வருவார்? நெடுநேரம் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகத் திரும்பி, பச்சை தெரிந்த பக்கமாக, செம்பனைக்குள் போனார். பள்ளத்தின் ஓரம் சரிந்திருந்த இடத்தில் இறங்கி ஏறினார். கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல.

நாங்கள் ஓடிப் போனபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாயில் ஒரு செம்பனைக் குருத்து, பாதி மென்றபடி இருந்தது. காவலுக்கு நின்ற ஆள், “செம்பனைக்குள்ள வந்தா சுடலாம், பெர்மிட் இருக்கு” என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, திறந்து கிடந்த கண்ணின் மேல் போட்டார். அந்தப் பெரிய நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அவர் தாய் செத்தபோதுகூட நாங்கள் அவர் அழுது பார்த்ததில்லை. நானும் அழுதேன். எங்களுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் இரங்கல் கூட்டம் போட வேண்டும் என்று வாரியத்தில் விதி இருக்கிறது. ஜெயபாலன் எங்களைத் தேடி வந்தார். “திடீர் மறைவுன்னு சொல்லிட்டேண்ணே. நீங்க வந்தே ஆகணும். குடும்பத்துலேருந்து யாராச்சும் இல்லன்னா நல்லா இருக்காது” என்றார். அண்ணன் போக வேண்டாம் என்றுதான் அக்கா சொன்னாள். அவர் போனார். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

படிக்கட்டில் கன்றுகள் காய்ந்து சருகாக நின்றன. கூட்ட அறையில் அந்தக் காலி நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். புகைப்படம் கிடைக்காததால் வாரியத்தின் சின்னத்தைச் சட்டம் போட்டு அதன்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் எல்லாரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். பிறகு தலைவர் பேசினார்.

“என்சிக் பெரியவர் இந்தக் குழுவின் தலைசிறந்த உறுப்பினர். ஒரு முறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு முறைகூடப் பயணப்படி கேட்டதில்லை. அவரை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் என் மனதில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. அவர் நடந்த பாதையில் நாம் நடப்போம்!”

கடைசியில் பத்துமலை அண்ணனைப் பேசச் சொன்னார்கள். அண்ணனுக்குச் சந்தையில் பேசும் பாசார் மலாய் வரும். அதில் மீன் விலை கேட்கலாம், பஸ் எப்போது என்று கேட்கலாம், அழ முடியாது. அவர் தமிழில்தான் பேசினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

“ஐயா, அவரு மனுஷன் இல்ல. யானை. நீங்க வெட்டுன மரத்துக்குள்ளதான் அவரு நடந்து போவாரு. மரம் இல்லன்னதும் வழி தெரியாம நின்னாரு. செம்பனைக்குள்ள போனாரு, சுட்டுட்டாங்க.” தண்ணீர்க் குவளை எதிரிலேயே இருந்தது, அவர் தொடவில்லை. “யானைன்னு ஒங்களுக்குத் தெரியாது, சரி. மனுஷன்னுதானே நெனச்சீங்க? மனுஷன்னு நெனச்சும் வழி விடலையே ஐயா. எங்களுக்கும் அப்படித்தானே செஞ்சீங்க...”

அதற்கு மேல் முடியாமல் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். எல்லாரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள்.

ஜெயபாலன் எழுந்தார். காகிதம் எதுவும் இல்லாத மேசையில் எதையோ தேடினார். பிறகு நல்ல மலாயில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மறைந்தவரின் குடும்பத்தார் வாரியம் காட்டிய அன்புக்கு மனமார்ந்த நன்றி தெரிவிக்கிறார்கள். வாரியத்தின் பணி தொடர வாழ்த்துகிறார்கள். ‘தெரிமா காசே’ என்று நன்றி சொல்லி முடித்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து வந்து, அண்ணனைக் கட்டித் தழுவி, முதுகில் தட்டிக் கொடுத்தார். அண்ணனுக்கு அவ்வளவு மலாய் புரியும். நிமிர்ந்து ஜெயபாலனைப் பார்த்தார். ஜெயபாலன் அண்ணனைப் பார்க்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவருக்கு வேலை நிரந்தரமானது.

நாங்கள் திரும்பி வந்தபோது நல்லம்மா அக்கா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். துண்டு நிலம் விலையாகிவிட்டது, மாதம் முடிவதற்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று மத்தியானம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அண்ணன் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

“அவருக்கு என்னா செஞ்சாங்க?” என்று அக்கா கேட்டாள்.

“எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க.”

“பெரிய பெரிய ஆளுங்கல்லாமா?”

“எல்லாருந்தான்.”

அக்கா கையில் இருந்த சட்டியை மூட்டைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் அந்த வெட்டவெளியையே பார்த்தாள்.

“உசுரோட இருக்கப்ப கொஞ்சம் ஒதுங்கி நின்னிருந்தாலே போதுமேய்யா” என்றாள்.